வால்வுப் பிடியைக் கழற்றிக்கொண்டு போனவர்: மூன்று லயங்களின் தண்ணீர்ச் சண்டை, ஒரு நிகழ்வு ஆய்வு

இலங்கை மலைநாட்டில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். ஒரு மாசி மாதம் அங்கே மூன்று லயங்களுக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, இரண்டு நாள் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. ஊற்றில் தண்ணீர் இருந்தது, குழாயும் எங்கும் உடைந்திருக்கவில்லை. குழாயைப் பார்த்துக்கொள்கிறவருக்குக் கோபம் வந்து, தாங்கியின் வால்வை மூடி, அதைத் திருகும் பிடியையும் கழற்றி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். "முன்கோபக்காரன், அப்படித்தான் செய்வான்" என்று பேசி முடித்திருக்கலாம். கொஞ்சம் தாமதமாக என்றாலும் அந்த மக்கள் அப்படி முடிக்காமல் விசாரித்தார்கள். ஒருவருடைய குணம் என்று எல்லாரும் நினைத்த கோபத்தில் எவ்வளவு அவருடையது, எவ்வளவு அவர் தனியாகச் சுமந்த வேலையுடையது என்பது அந்த விசாரிப்பில்தான் தெரிய வந்தது. அதை எழுதி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

பெயர் எதுவும் போட வேண்டாம் என்று சம்பந்தப்பட்டவர்கள் கேட்டார்கள், அதனால் இங்கே ஆட்களை உறவுமுறையாலும் வேலையாலும் மட்டும் குறிப்பிடுகிறேன். நடந்தவற்றைத் தனித்தனியாக அவர்கள் வாயாலேயே கேட்டேன். இரண்டாவது கூட்டத்தில் நானும் இருந்தேன்.

இடமும் ஆட்களும்

மேல் லயம், நடு லயம், பணிய லயம் என்று மூன்று. ஐம்பது குடும்பம் வரும், இருநூறு பேருக்கு மேல். மலைக்கு மேலே காட்டு ஓரத்தில் ஒரு ஊற்று. அதில் சிறிய சீமெந்துத் தொட்டி கட்டி, ஒன்றரை அங்குலக் குழாய் போட்டு, மேல் லயத்துக்குச் சற்று மேலே இருக்கும் தாங்கிக்குத் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார்கள். தாங்கியிலிருந்து ஒரே குழாய் இறங்கி, வழியில் மூன்று லயங்களுக்கும் கிளை பிரிகிறது. மேல் லயம் தாங்கியை விட 4 மீட்டர்தான் தாழ்வு. பணிய லயம் 30 மீட்டர் கீழே. இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், சண்டையில் பாதி இவற்றுக்குள்தான் இருந்தது.

லயத்து முற்றத்தில் நின்று பார்த்தால் மவுசாகலை நீர்த்தேக்கம் தெரியும். அவ்வளவு தண்ணீரும் லக்சபான மின் நிலையங்களுக்குப் போகிறது. அதைப் பார்த்தபடியே பெண்கள் குடத்தோடு, மலைத் தண்ணீர் விழும் ரோட்டோரப் பீலிக்கு நடக்கிறார்கள். இந்தத் தண்ணீர் வேலையை ஏன் மக்களே இழுத்துக்கட்ட வேண்டியிருந்தது என்றால் அதற்குச் சட்டத்திலும் காரணம் உண்டு. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தில் 2018இல் திருத்தம் வரும்வரை, தோட்டக் குடியிருப்புகளுக்கு உள்ளூராட்சி அமைப்பான பிரதேச சபையின் நிதியைச் செலவழிக்கச் சரியான வழி இருக்கவில்லை. தோட்டம் தன் பங்குக்குச் செய்ததும் கொஞ்சம்தான். அதனால் குழாய், தாங்கி, வால்வு எல்லாம் மக்கள் காசு சேர்த்தும் சிரமதானம் செய்தும் கட்டியவை.

இதில் முக்கியமான ஆள் குழாய் பார்க்கிற மாமா. வயது அறுபதை நெருங்குகிறது, தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி ஓய்வு பெற்றவர். எந்த மூட்டு எந்தக் கல்லுக்கு அடியில் இருக்கிறது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். குடும்பத்துக்கு மாதம் இவ்வளவு என்று சேர்த்து அவருக்கு ஒரு தொகை கொடுப்பதாகப் பேச்சு. அடுத்தவர் பணிய லயத்துத் தம்பி. கொழும்பில் கடையில் வேலை செய்துவிட்டு, பொங்கலுக்கு வந்தவர் திரும்பிப் போகாமல் நின்றுவிட்டார். மூன்றாவது ஆள் நடு லயத்துப் பாலர் பாடசாலை டீச்சர், தண்ணீர்ச் சங்கத்தின் செயலாளர். மேல் லயத்து அக்கா ஒருவரும் உண்டு. கொழுந்து பறிப்பவர், அதிகம் பேசாதவர். கடைசியில் எல்லாரையும் நடக்க வைத்தவர் அவர்தான்.

நடந்தது

தை, மாசி, பங்குனி மலைநாட்டின் மேற்குச் சரிவுக்கு வறட்சிக் காலம். தென்மேற்குப் பருவமழை வைகாசியில்தான் பிடிக்கும். அந்த வருடம் மாசி தொடக்கத்திலேயே மேல் லயத்துக்குத் தண்ணீர் குறைந்து, பிறகு நான்கு நாள் அறவே வரவில்லை. பணிய லயத்துக்காரர் ராத்திரியெல்லாம் குழாயைத் திறந்து விட்டுப் பீப்பாய் பீப்பாயாகப் பிடிக்கிறார்கள் என்று மேல் லயத்தில் பேச்சு. குழாய் மாமாவின் மகளைக் கட்டிக் கொடுத்திருப்பது நடு லயத்தில், அதனால் அங்கே மட்டும் வால்வைக் கூடுதலாகத் திறக்கிறார் என்று பணிய லயத்தில் பேச்சு. அவரவர் முகத்துக்கு நேரே இதை யாரும் சொல்லவில்லை. கொழுந்து மலையில் நிரை பிடித்து நிற்கும்போதும், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் காத்திருக்கும்போதும் சொன்னார்கள்.

ஒரு சாயங்காலம் கடைக்கு முன்னால் தம்பி கேட்டார்: "என்னா மாமா, தண்ணி ஆளு மொகத்தப் பாத்துத்தான் வருதோ?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மாமா ஒன்றும் பேசவில்லை. சாரத்தை மடித்துக் கட்டினார், கையிலிருந்த குறடைத் தரையில் வீசினார், நடந்து போய்விட்டார். விடியற்காலை நான்கு மணிக்குத் தாங்கிக்கு ஏறி வால்வை இறுக மூடி, பிடியைக் கழற்றிக்கொண்டு வந்து வீட்டில் அரிசி வாளிக்குப் பின்னால் வைத்தார். யார் கேட்டும் தரவில்லை.

அந்த இரண்டு நாளும் எப்படிப் போயிருக்கும் என்று லயத்தில் வாழ்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாலர் பாடசாலையை மூடினார்கள். காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்துக்குப் போவதற்கு முன்னால் பெண்கள் பீலிக்குப் போய் வந்ததில் பலருக்கு வேலை தொடங்கத் தாமதமானது. நாள் பேர், அதாவது ஒரு நாள் கூலி, முழுசாக விழ ஒரு நாளுக்கு இத்தனை கிலோ கொழுந்து என்று கணக்கு இருக்கிறது, சில தோட்டத்தில் 18, சில தோட்டத்தில் 20. தாமதமாக மலைக்குப் போனவர்களுக்கு அந்தக் கணக்கு எட்டாது. 2024இல் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாய் ஆனது. அதில் அரைநாள் போனால் அந்த வாரச் சாமானில் எதைக் குறைப்பது என்ற கேள்வி வரும். ஒருவருடைய கோபம் இப்படி இருநூறு பேருடைய அடுப்புவரை போய்விட்டது. மாமா செய்தது தவறுதான், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. பிறகு அவரே அதை ஏற்றுக்கொண்டார்.

முதல் கூட்டம் ஏன் கெட்டது

இரண்டாம் நாள் மாலை ஆறரைக்கு மாரியம்மன் கோயில் வாசலில் கூட்டம். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரும் வந்தார். பத்து நிமிடத்தில் அது கூட்டமாக இல்லை. 'யார் குற்றம்' என்ற ஒரு கேள்விதான் நடுவில் இருந்தது, எல்லாருக்கும் அதற்குப் பதில் தெரிந்திருந்தது, ஒவ்வொருவர் பதிலும் வேறு. மாமா எழுந்து, "நாளைக்கே எல்லா பைப்பையும் புடுங்கிப் போடுறேன்" என்றார். தம்பி, "ஒங்க அப்பன் வீட்டுப் பைப்பா?" என்றார். இரண்டு பேரையும் பிடித்து இழுக்க நான்கு பேர் தேவைப்பட்டது. பிடியை மட்டும் மாமாவின் மனைவி அன்றிரவே டீச்சரிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். தண்ணீர் வந்தது, பேச்சு நின்றது.

கூட்டம் கெட்டதற்குக் காரணம் அந்த இருவருடைய வாய் என்று சொல்வார்கள். அந்த நேரம்தான் முதல் காரணம் என்பது என் கணிப்பு. நாள் முழுக்கக் கூடை சுமந்து, மதியம் ரொட்டியும் கட்டச் சம்பலும் சாப்பிட்டு, அப்புறம் பீலிக்கு நடந்து, வீட்டில் அடுப்பு மூட்டாமல் வந்து உட்கார்ந்தவர்கள் அவர்கள். ஆண்களில் சிலர் தவறணைக்கு, அதாவது மதுக்கடைக்கு, போய்விட்டு வந்திருந்தார்கள். பசியும் களைப்பும் தூக்கமின்மையும் சேர்ந்தால் யாருக்கும் பொறுமை குறையும், அதில் படித்தவர் படிக்காதவர் என்று இல்லை. "கொட்டித் தீர்த்தால்தான் மனசு ஆறும்" என்று தலைவர் இருவரையும் பேச விட்டதும் உதவவில்லை. கோபத்தைக் கொட்டினால் தணியும் என்ற நம்பிக்கையை அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002இல் வெளிவந்த ஓர் ஆய்வில் சோதித்தார். தங்களைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டு குத்துப் பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடியது. ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களை விட அமைதியாக இருந்தார்கள். அன்று கோயில் வாசலில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான்: சொல்லச் சொல்ல ஏறியது.

வாளியோடு நடந்த காலை

கூட்டம் கலைந்து போகும்போது மேல் லயத்து அக்கா டீச்சரிடம் ஒரு கேள்வி கேட்டார்: "தண்ணி எங்க கொறையுதுன்னு யாராச்சும் மேல போயி பாத்தாங்களா டீச்சர்?" யாரும் பார்க்கவில்லை. வாரக்கணக்கில் சண்டை போட்ட ஐம்பது குடும்பத்தில் ஒருவர்கூட ஊற்றுவரை ஏறவில்லை.

டீச்சர் அதைப் பிடித்துக்கொண்டார். அடுத்து வந்த போயா தினத்தில், அதாவது பௌர்ணமி விடுமுறையில், காலை எட்டு மணி என்று குறித்தார். போயாவுக்குத் தோட்ட வேலை இல்லை, நாடு முழுக்க மதுக்கடையும் மூடியிருக்கும், எல்லாரும் தூங்கி எழுந்து தேத்தண்ணி குடித்துவிட்டு வருவார்கள். கூட்டம் என்று சொல்லாமல் "பைப் பார்க்கப் போறோம்" என்று மட்டும் சொன்னார். லயத்துக்கு இரண்டு பேர், அவர்களோடு மாமா. தம்பி கட்டாயம் வர வேண்டும் என்றார். சண்டை போட்ட இருவரையும் ஒரே வேலையில் சேர்த்ததில் எனக்கு அப்போது பயம்தான் இருந்தது. ஆனால் டீச்சர் அவர்களை எதிரெதிரே உட்கார வைக்கவில்லை. ஒருவர் கையில் 20 லீட்டர் வாளி, மற்றவர் கையில் போன் கடிகாரம். வாளி நிறைகிற நேரத்தை ஒருவர் சொல்ல, மற்றவர் எழுத வேண்டும்.

முதலில் தாங்கி. உள்ளே விழும் தண்ணீரில் வாளி நிறைய இரண்டரை நிமிடம் ஆனது. நிமிடத்துக்கு 8 லீட்டர், ஒரு நாளுக்கு 11,520 லீட்டர். இருநூறு பேருக்கு மேல் என்றால் தலைக்கு 57 லீட்டருக்கு மேல் தேறாது. "ஊத்து வத்திப் போச்சு, வேற என்னா" என்றார் ஒருவர். அதற்கு மேலே ஏறினார்கள். தேயிலை முடிந்து மானாப்புல் தொடங்கும் இடத்தில் மாமா நின்றுவிட்டார். முழங்கால் வலி என்றார். மற்றவர்கள் ஏறிப் போய் ஊற்றுத் தொட்டியை எட்டிப் பார்த்தபோது ஒருவருக்கும் பேச்சு வரவில்லை. தொட்டி நிறைந்து, விளிம்பால் வழிந்து, பாசி படிந்த கல்லில் ஓடிக்கொண்டிருந்தது. கீழே நான்கு நாள் குடம் காய்ந்திருக்க, மேலே தண்ணீர் வீணாக வழிகிறது! தொட்டிக்குப் பக்கத்து மூட்டைக் கழற்றி அளந்தார்கள். வாளி 40 வினாடியில் நிறைந்தது. நிமிடத்துக்கு 30 லீட்டர்.

30 லீட்டர் புறப்படக்கூடிய இடத்தில் 8 லீட்டர் வந்து சேருகிறது என்றால் கசிவு என்றுதான் யாரும் நினைப்பார்கள். குழாய் வழியே நடந்து பார்த்தால் ஈரம் எங்கேயும் இல்லை. தம்பி கீழே இறங்கி வந்து மாமாவிடம் அளவைச் சொன்னார். அந்த எண்ணைக் கேட்டதும் மாமாவின் முகம் மாறியது என்று தம்பி பிறகு என்னிடம் சொன்னார். "காத்து அடச்சிருக்கு" என்றார் மாமா உடனே.

முந்தைய மழையில் மண் சரிந்து குழாய் அறுந்தபோது, அவசரத்துக்கு அதை ஒரு பாறைக்கு மேலாக ஏற்றி இணைத்திருந்தார்கள். அந்த இடத்தில் குழாய் முதுகு வளைத்து நிற்கிறது. தை மாதம் தொட்டியின் வலையில் இலை அடைத்தபோது குழாய்க்குள் காற்று புகுந்திருக்கிறது. வலையைத் துப்பரவு செய்த பிறகு தண்ணீர் வந்தாலும், உயர்ந்த இடத்தில் சேர்ந்த காற்று வெளியேற வழி இல்லை. இறக்கம் குறைந்த இடம் என்பதால் அதைத் தள்ளிக்கொண்டு போகவும் தண்ணீருக்கு வேகம் இல்லை. மீதி இருந்த ஒடுங்கிய வழியாகத்தான் அந்த 8 லீட்டர் வந்துகொண்டிருந்தது. மாமா இப்போது ஏறினார். பாறைமேல் இருந்த மூட்டைக் குறடால் மெல்லத் தளர்த்தினார். காற்று சீறி, தண்ணீர் துப்பித் துப்பித் தெறித்து, அப்புறம் சீராக வந்தது. இறுக்கிவிட்டுத் தாங்கிக்குப் போய் அளந்தால் வாளி 50 வினாடியில் நிறைந்தது. நிமிடத்துக்கு 24 லீட்டர், முன்பு வந்ததைப் போல மூன்று மடங்கு.

அன்றே கீழேயும் அளந்தார்கள். பணிய லயத்தில் இரண்டு குழாய் வாய் கெட்டுப்போய்த் துணி சுற்றிக் கட்டியிருந்தது, ஒவ்வொன்றிலும் நிமிடத்துக்கு 2 லீட்டர் போல் ஒழுகியது. இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்கு 5,760 லீட்டர், அதாவது காற்றை விடுவதற்கு முன் தாங்கிக்கு வந்துகொண்டிருந்ததில் சரிபாதி. ஆக மேல் லயத்தின் சந்தேகம் முழுப் பொய் இல்லை, ஆனால் பீப்பாயில் திருட்டுத்தனமாகப் பிடித்தார்கள் என்பது பொய். இன்னொன்றும் விளங்கியது. 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் என்பது கணக்கு. 30 மீட்டர் கீழே இருக்கும் பணிய லயத்தில் குழாய் திறந்தால் தண்ணீர் பாய்ந்து வரும். அப்படிப் பாயும்போது பொதுக் குழாயில் உராய்வு ஏறும். ஓட்டம் இரண்டு மடங்கானால் உராய்வில் போகும் அழுத்தம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். 4 மீட்டர் மட்டுமே இறக்கம் உள்ள மேல் லயத்துக்கு அதற்குப் பிறகு மிச்சம் ஒன்றும் இராது. பணிய லயத்துக்காரர் நியாயமாகத் தங்கள் குடத்தை நிரப்பினாலே மேல் லயத்தில் குழாய் காயும். அதில் கெட்ட எண்ணம் என்று ஒன்று இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

பிறர் செய்வதற்கு அவர்கள் குணமே காரணம் என்று நினைப்பதும், அவர்கள் நிற்கும் நிலைமையைக் காணாமல் விடுவதும் மனிதர்களுக்குப் பொதுவான பிழை என்று 1977இல் லீ ராஸ் என்ற உளவியலாளர் எழுதினார். இந்த லயங்களில் அந்தப் பிழை நாற்பது, ஐம்பது பேரிடம் ஒரே நேரத்தில் இருந்தது. அதைத் திருத்தியது உபதேசம் அல்ல, ஒரு வாளி.

கோபத்துக்கு அடியில் இருந்தது

ஏன் மாமா தை மாதத்துக்குப் பிறகு ஊற்றுவரை ஏறவில்லை? போயா அன்று நடை முடிந்து, டீச்சர் வீட்டு முற்றத்தில் எல்லாரும் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மேல் லயத்து அக்கா அதைக் கேட்டார். குற்றம் சாட்டுகிற குரலில் கேட்கவில்லை. "மாமா, முழங்கால் வலின்னா எங்க பையனை அனுப்பியிருப்பேனே" என்றுதான் சொன்னார்.

கொஞ்ச நேரம் கழித்து மாமா சொன்னார். முந்தின வருடம் மானாப்புல் பக்கத்தில் அவரைக் குளவி கொட்டியது. தனியாக விழுந்து கிடந்து, தானே எழுந்து வந்தார். தோட்டத்தில் குளவிக் கொட்டு எத்தனை பேரை ஆசுபத்திரிக்கு அனுப்பியிருக்கிறது, எத்தனை பேரைத் திரும்பி வராமலே செய்திருக்கிறது என்று மலைநாட்டில் எல்லாருக்கும் தெரியும். அதன் பிறகு அந்த இடத்தைத் தாண்டித் தனியே போக அவருக்குப் பயம். அறுபது வயதில், "பைப் விஷயத்துல என்னை விட்டா ஆள் இல்லை" என்று பேர் எடுத்த மனிதர், பயமாக இருக்கிறது என்று யாரிடம் சொல்வார்? அதோடு மூன்று மாதமாகப் பாதிக் குடும்பங்கள் அவருக்குப் பணம் கொடுக்கவில்லை. கேட்பதற்கும் கூச்சம். தண்ணீர் குறைவதும் அவருக்குத் தெரிகிறது, மேலே போய்ப் பார்க்க வேண்டும் என்பதும் தெரிகிறது, போக முடியவில்லை. அந்த நிலையில்தான் கடை முன்னால் நாலு பேர் சிரிக்கும்படி அந்தக் கேள்வி வந்தது.

இந்த நிகழ்வில் நான் அதிகம் யோசித்தது இந்த இடத்தில்தான். அன்று வெடித்ததை ஒரு வார்த்தையால் வந்த கோபமாகப் பார்த்தால் மாமா அற்பமான ஆளாகத் தெரிவார். பயம், வெட்கம், கேட்க முடியாத கூலி பாக்கி, பங்கு போட ஆள் இல்லாத வேலை, இவ்வளவும் மாதக்கணக்கில் அவருக்குள் சேர்ந்திருந்தன. அவருக்கு அவற்றைச் சொல்லத் தெரிந்த ஒரே வழி கோபம். கோபக்காரர்களிடம் "ஏன் கத்துகிறாய்" என்று கேட்கிறோம். "இந்த வேலையில் உனக்கு எது முடியவில்லை" என்று கேட்டால் வேறு பதில் வரும். அக்கா கேட்டது அந்த இரண்டாவது கேள்வியைத்தான்.

மாமா தன்னிடம் மாற்றிக்கொண்டது

அதற்காக அவர் பங்கை யாரும் தள்ளுபடி செய்யவில்லை, அவரும் செய்துகொள்ளவில்லை. தனக்கு எப்போது ஏறுகிறது என்று அவருக்கே தெரியவில்லை, அவர் மனைவிக்குத் தெரிந்திருந்தது: "சாரத்த மடிச்சுக் கட்டுனா அவரு நம்ம பேச்சக் கேக்க மாட்டாரு." அதையே அவர் அடையாளமாக எடுத்துக்கொண்டார். கை சாரத்துக்குப் போனால் அதற்கு மேல் பேசுவதில்லை, குறடையும் பிடியையும் பக்கத்தில் நிற்பவரிடம் கொடுத்துவிட்டு விலகுவது. விலகிப் போய் வெற்றிலை போடுவார். "வாயில வெத்தல இருந்தா வார்த்த வராது" என்றார் என்னிடம். அந்த யோசனை அவருடையது, வேலையும் செய்தது. மென்று முடிக்கிற பத்து நிமிடத்தில் மூச்சு இறங்கும், சொல்ல வந்ததும் பாதி மறந்து போகும்.

ஆனால் வெற்றிலையை நான் மனதார ஆதரிக்க முடியாது. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே வாய்ப்புற்றுநோயை உண்டாக்கும். தோட்டங்களில் அந்த நோய்க்கு ஆளானவர்களைப் பார்த்திருக்கிறேன். இதை அவரிடம் சொன்னோம். இப்போது சட்டைப் பையில் கராம்பு வைத்திருக்கிறார். வெற்றிலை முழுதாக நிற்கவில்லை, குறைந்திருக்கிறது.

தம்பியின் பக்கம் பேசுவதற்குக் குறைவுதான். மறுநாள் அதே கடை முன்னால், அதே ஆட்கள் இருக்கும்போது, "அன்னைக்கு நான் பேசுனது தப்பு மாமா" என்றார். பொது இடத்தில் பேசியதைப் பொது இடத்திலேயே திருத்தினார். அது போதும். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மாமாவோடு மேலே ஏறுபவர் அவர்தான்.

மூன்று லயங்களும் வைத்துக்கொண்ட ஏற்பாடு

ஊற்றுக்கு இனி ஒருவர் தனியே போவதில்லை. குழாயைத் தெரிந்தவர்கள் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும், லயத்துக்கு ஒருவர். வால்வுப் பிடி டீச்சர் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்படி ஆணியில் தொங்குகிறது. பாறைமேல் T வடிவ மூட்டு ஒன்றைப் போட்டு, மேல்நோக்கி அரை அங்குல வால்வு வைத்தார்கள், வாரம் ஒரு முறை திறந்து காற்றை விட்டால் போதும். பணிய லயத்துக் குழாய் வாய் இரண்டையும் மாற்ற மேல் லயத்துக்காரரும் காசு போட்டார்கள். இது நல்ல கணக்கு, ஏனென்றால் அங்கே ஒழுகுவது நின்றால் பலன் மேல் லயத்துக்குத்தான்.

நேரம் பிரிப்பதில்தான் இழுபறி. எல்லாருக்கும் விடியற்காலை ஐந்திலிருந்து ஆறரை வரை தண்ணீர் வேண்டும், ஏனென்றால் எல்லாருக்கும் ஒரே பிரட்டு. அட்டவணை போட்டுப் பார்த்தார்கள், மூன்று நாளில் உடைந்தது. அப்புறம் தம்பிதான் மாற்று வழி சொன்னார்: மேல் லயத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தாங்கி வைத்து, ராத்திரி பணிய லயத்துக் கிளையைப் பாதி மூடி அதை நிரப்பிவிட்டால், காலையில் யாரும் யாருக்கும் காத்திருக்க வேண்டாம். ஊரே ஒழுங்காக இருந்தால் அட்டவணை நிற்கும் என்று எதிர்பார்ப்பதை விட, நெருக்கடியான நேரத்தில் இரண்டு பேர் மோத வேண்டிய தேவையையே எடுத்துவிடுவது எவ்வளவோ மேல் என்று நினைக்கிறேன்.

பணம் கட்டாதவர்களுக்கு முதல் மாதம் வீட்டுக்குப் போய் நினைவூட்டல், இரண்டாம் மாதம் கூட்டத்தில் கேட்பது, அதற்குப் பிறகே அபராதம், அதுவும் சிறிய தொகை. எடுத்தவுடன் குழாயை அறுக்க வேண்டும் என்று சிலர் சொன்னார்கள், டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. 2009இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரோம், நேபாளத்து வாய்க்கால்கள் உட்படப் பொதுச் சொத்துகளை மக்களே நீண்டகாலம் பேணும் இடங்களை ஆராய்ந்தபோது, அங்கெல்லாம் தண்டனை சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாக ஏறுவதைக் கண்டார். டீச்சர் அதைப் படித்தவர் இல்லை. ஒரே லயத்தில் சுவர் பொதுவாக வாழ்கிறவர்கள் ஒருவரையொருவர் முறித்துக்கொண்டு பிழைக்க முடியாது என்று அவருக்கு அனுபவத்தில் தெரியும்.

கூட்டம் இனி போயா காலையில் மட்டும். முதலில் அந்த மாத அளவுகளை வாசிப்பார்கள். ஊற்றில் இவ்வளவு, தாங்கியில் இவ்வளவு, ஒவ்வொரு லயத்துக் கடைசிக் குழாயிலும் இவ்வளவு. அதை வாசித்து முடிக்கும்வரை யாரும் யாரைப் பற்றியும் பேசக்கூடாது. இதை எல்லாத் தோட்டத்துச் சங்கங்களுக்கும் நான் சொல்லி வருகிறேன்.

சொல்லியே ஆக வேண்டிய ஒன்று

தொழிலாளர்களுக்குக் கோபத்தை அடக்கப் பயிற்சி என்று யாராவது வந்தால் நான் ஒரு கேள்வி கேட்பேன்: எந்தக் கோபத்தை? பக்கத்து லயத்துக்காரன்மேல் தவறாகப் பாய்ந்த கோபத்தைத் திருப்ப வேண்டும், அது சரி. ஆனால் தலைமுறைகளாகக் குழாயும் ஒழுங்கான வீடும் இல்லாமல் வைத்திருக்கிறார்களே என்ற கோபம் நியாயமானது. அதை மூச்சுப் பயிற்சியால் ஆற்றச் சொல்வது அநியாயம். இந்த மக்கள் ஒருவரோடொருவர் சண்டை போட்டதற்கே ஒரு காரணம், பதில் சொல்ல வேண்டியவர்கள் அந்த முற்றத்தில் இல்லாததுதான். கைக்கு எட்டியவன் மேல் கை போகிறது.

அந்தக் கோபத்தை அவர்கள் விடவில்லை, இடம் மாற்றினார்கள். ஊற்றில் எவ்வளவு, தாங்கியில் எவ்வளவு, குழாய் எந்த அளவுக்குப் பெரிதாக்கினால் வறட்சியிலும் போதும் என்று எண்களோடு ஒரு கடிதம் தயாரானது. மூன்று லயத்துக்காரரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒன்று தோட்ட நிர்வாகத்துக்கு, ஒன்று பிரதேச சபைக்கு. மாமாவும் தம்பியும் சேர்ந்துதான் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நிர்வாகம் பாறைப் பகுதியில் குழாயைத் தாழ்த்திப் போட அனுமதி தந்தது, சாமான் தரவில்லை. சபையிலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார், அதற்கு மேல் இன்னும் நகரவில்லை. ஒவ்வொரு மாதமும் புதிய அளவுகளோடு நினைவூட்டல் போகிறது.

பணிய லயத்தில் ஒரு குடும்பம் இன்னும் பணம் கட்டுவதில்லை, அபராதமும் கட்டவில்லை. அடுத்த போயாவில் அது பேச்சுக்கு வருகிறது. சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவத்தில் அதன் அடிவாரமான நல்லதண்ணியில் கடை வேலைக்குப் போகும் ஆண்கள் பலர், தம்பியும் அதற்குப் போக யோசிக்கிறார். அவர் போனால் மார்கழியிலிருந்து மாமாவோடு ஏற ஆள் வேண்டும். மேல் லயத்து அக்கா, தன் மகனோடு தானும் வருவதாகப் பெயர் கொடுத்திருக்கிறார். குழாய் வேலைக்குப் பெண் எதற்கு என்று இரண்டொருவர் முணுமுணுத்தார்கள். மூட்டைத் தளர்த்திக் காற்று விடுவதை மாமா அவருக்கு ஏற்கனவே காட்டிக் கொடுத்துவிட்டார்.